நின்ற காரில் பேட்டரி இறங்குகிறதா? தேடும்போது செய்யக் கூடாதவை

பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும். கடிகாரம், ரிமோட் பூட்டின் ரிசீவர், அலாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்ப் வரை இழுப்பது சாதாரணம். 50 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர் மணி பேட்டரி பாதியாக இறங்க இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே ஒரு மாதம் வெளியூர் போய்வந்து வண்டி எடுக்கவில்லை என்றால் அதில் கோளாறு தேடுவதே முதல் தவறு. இதுவே 500 மில்லி ஆம்ப் இழுத்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர் மணி போய்விடும். இரண்டு இரவு தாண்டினால் செல்ஃப் எடுக்காது. அப்படிப்பட்ட வண்டியில்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன்பே புது பேட்டரி வாங்குவது அடுத்த தவறு. பணத்தை அதிகம் தின்பதும் இதுதான். கரண்ட் எங்கோ போய்க்கொண்டிருந்தால் புது பேட்டரியும் சில நாளில் இறங்கும். அடிக்கடி அடிவரை இறங்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் ஆயுளும் குறையும். முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு இரவு வையுங்கள். எதுவும் இணைக்காமலே 12.6 வோல்ட்டிலிருந்து 12.2-க்கு இறங்கினால் குறை பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.5 வோல்ட் வராவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. இரண்டும் சரி என்றால் மட்டும் மீட்டரை எடுங்கள்.

மல்டிமீட்டரை இணைப்பதில்தான் அதிகம் சொதப்புகிறது. கரண்ட் அளக்க மீட்டர் வழியாகவே கரண்ட் ஓட வேண்டும். பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஆம்ப் நிலையில் வைத்தால் அது நேரடி ஷார்ட். மலிவான மீட்டர்களில், சிவப்பு லீடைச் செருகும் 10 ஆம்ப் துளைக்கு ஃபியூஸே இருக்காது; வயர் உருகி கை சுடும். மைனஸ் பக்கத்திலேயே அளக்கவும். பிளஸ் பக்கத்தில் வைத்தால் மீட்டர் லீடின் முனை ஒன்று தவறி பாடியில் பட்டாலே ஷார்ட் ஆகிவிடும். மில்லி ஆம்ப் துளையில் தொடங்காதீர்கள். அதன் ஃபியூஸ் பெரும்பாலும் அரை ஆம்ப்புக்குள்தான். கதவைத் திறந்ததும் ஓடும் கரண்டிலேயே போய்விடும். ஃபியூஸ் போன மீட்டர் பூஜ்யம் காட்டும். ‘வண்டியில் ஒன்றுமில்லை’ என்ற தவறான முடிவு பல இடங்களில் இப்படித்தான் வருகிறது. மீட்டர் மாட்டியிருக்கும்போது இக்னிஷனைப் போடவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது. வேலை முடிந்ததும் சிவப்பு லீடை வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை வோல்ட் பார்க்கும்போது ஷார்ட்.

மைனஸ் கேபிளைச் சட்டென்று உருவுவதும் கூடாது. ஏதோ ஒரு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வண்டியைப் பூட்டிய பிறகும் தூங்காமல் (அணைந்து அடங்காமல்) சிக்கிக்கொண்டதுதான் கோளாறு என்றால், சப்ளை அறுந்த கணமே அது ரீசெட் ஆகித் தற்காலிகமாகச் சரியாகிவிடும். நீங்கள் தேடிய தடயம் போய்விடும். எனவே கிளாம்ப்பைத் தளர்த்துவதற்கு முன்பே, இரு பக்கமும் முதலைக் கிளிப் உள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை எடுத்து, ஒரு முனையை மைனஸ் தூணிலும் மறுமுனையை கேபிளின் கிளாம்ப்பிலும் மாட்டுங்கள். பிறகு கிளாம்ப்பை உருவி, மீட்டரையும் அதே இரண்டு இடங்களில் இணையுங்கள். கதவு திறப்பு, பூட்டுவது எல்லாவற்றையும் அந்த வயர் தாங்கிக்கொள்ளும். வண்டி அடங்கிய பின் வயரை எடுத்தால் கரண்ட் முழுதும் மீட்டருக்கு வரும்.

இந்த ‘அடங்கிய பின்’ என்பதுதான் உயிர்நாடி. இன்றைய வண்டிகள் பூட்டியவுடன் தூங்குவதில்லை. முதல் சில நிமிடங்கள் பல ஆம்ப் காட்டலாம், பிறகு படிப்படியாக இறங்கும். 20 முதல் 45 நிமிடம், சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் 800 மில்லி ஆம்ப் பார்த்துவிட்டு டேஷ்போர்டைக் கழற்றத் தொடங்கினால், இல்லாத நோய்க்கு அறுவை சிகிச்சை. கீலெஸ் வண்டி என்றால் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கக் கூடாது. குறைந்தது ஐந்தாறு மீட்டர் தள்ளி வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபியூஸ் பாக்ஸைப் பார்க்க ஓட்டுநர் கதவு திறந்திருக்க வேண்டுமே? கதவைத் திறந்து வைத்து, அதன் லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். வண்டி கதவு மூடியதாக நினைத்துக்கொள்ளும். பானெட்டுக்கு சுவிட்ச் இருந்தால் அதற்கும் இதே வழி. கதவைச் சாத்துவதற்கு முன் கைப்பிடியை இழுத்து லாட்ச்சை விடுவிக்க மறக்காதீர்கள், மறந்தால் லாட்ச் அடிபட்டு வளையும்.

மீட்டர் 50-க்கு மேல் நின்றுவிட்டது என்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் பழக்கத்தில் இருக்கிறது. பழைய வண்டிக்குப் பரவாயில்லை. புதிய வண்டியில் ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகியதும் அந்தப் பெட்டி விழித்துக்கொள்ளும், மற்றவற்றையும் எழுப்பும். மறுபடி முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, ஃபியூஸைத் தொடாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட் அளப்பது. கரண்ட் ஓடாத ஃபியூஸில் 0.0 வரும். 10 ஆம்ப் மினி ஃபியூஸின் தடை சுமார் 7.5 மில்லி ஓம் என்பதால், 1 மில்லி வோல்ட் தெரிந்தால் ஏறக்குறைய 130 மில்லி ஆம்ப் ஓடுகிறது. 30 ஆம்ப் ஃபியூஸில் அதே 1 மில்லி வோல்ட் என்றால் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 0.1 மில்லி வோல்ட் வரை காட்டும் மீட்டர் இதற்குத் தேவை. மீட்டருக்குப் பதில் பல்பை இணைத்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்: 50 மில்லி ஆம்ப்புக்கு அது ஒளிராது, வோல்ட்டையும் குறைத்து அளவைக் குழப்பும்.

எல்லா ஃபியூஸும் சுத்தம், ஆனால் கரண்ட் இன்னும் போகிறது என்றால் குழம்ப வேண்டாம். ஃபியூஸ் பாக்ஸ் வழியாகப் போகாத வயர்களும் உண்டு. ஆல்டர்னேட்டரின் தடித்த கேபிள் பேட்டரிக்கே வருகிறது; உள்ளே ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கசிந்தால் இரவெல்லாம் கரண்ட் பின்னோக்கி ஓடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். உறுதி செய்ய, பேட்டரி மைனஸை முழுதாகக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளை விலக்கி, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.

கடையில் பின்னால் மாட்டியவைதான் அடுத்த இடம். ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் எப்போதும் சப்ளை இருக்கும் இடத்துக்கும், சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும் இடத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கியிருந்தால் செட் முழுதாக அணையவே அணையாது. ஜிபிஎஸ் டிராக்கர், ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடம்) செருகிய கருவி, ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். பார்க்கிங் மோடில் ஓடும் டேஷ் கேமராவை, பேட்டரி 12.2 வோல்ட்டுக்கு வருமுன் துண்டித்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும்.

டிக்கி விளக்கையும் க்ளோவ் பாக்ஸ் விளக்கையும் மூடியபின் யாரும் பார்ப்பதில்லை. 5 வாட் பல்பு ஒன்று 400 மில்லி ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். நாளைக்கு 10 ஆம்பியர் மணி. ஃபிளாஷ் போடாமல் போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். படம் முழுக்க இருட்டாக வந்தால் விளக்கு அணைகிறது. வெளிச்சமாகவே ஓடினால் சுவிட்சை மாற்றுங்கள்.