லோகோ உருவாக்கும்போது நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டத்துக்குப் பொருள் கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். நடுவில் இருக்கும் சிறு துளையையும் அதிலிருந்து கீழிறங்கும் பிளவையும் பார்த்துச் சாவித்துவாரம் என்பார் உண்டு. அகமதாபாத்தின் காங்கரியா ஏரியை மேலிருந்து பார்த்த தோற்றம் என்ற கதையும் நெடுநாளாக உலவுகிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வடிவமைத்து, 1971இல் நடைமுறைக்கு வந்த சின்னம் அது. இந்தக் கதைகளில் எதையும் கேள்விப்படாதவர்கள்கூடத் தெருமுனையில் அந்த வட்டம் தென்பட்டதும் அங்கே கிளை இருப்பதைப் புரிந்துகொள்கிறார்கள். லோகோவிடம் எதிர்பார்க்க வேண்டியது இந்த அடையாளம் காட்டும் வேலையைத்தான். நிறுவனத்தின் வரலாற்றையும் கொள்கையையும் அதன்மேல் சுமத்தத் தொடங்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன.

முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே படத்தில் சொல்ல முயல்வது. ஆப்பிள் நிறுவனமே இப்படித்தான் தொடங்கியது. 1976இல் ரொனால்டு வெய்ன் வரைந்த அதன் முதல் சின்னத்தில் மரத்தடியில் நியூட்டன் அமர்ந்திருப்பார். மேலே ஓர் ஆப்பிள் தொங்கும். பெயர் தாங்கிய நாடா ஒன்று சுற்றியிருக்கும். சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கவிதை வரியும் இருக்கும். புத்தகத்தின் முகப்புப் படமாக அது அழகாக இருந்திருக்கலாம். கணினியின் மேல் ஒட்டும் அளவுக்குச் சுருக்கினால் எதுவும் தெரியாது. மறு ஆண்டே ராப் ஜனாஃப் அதை ஒற்றை ஆப்பிளாக மாற்றினார். அதில் ஒரு கடி விழுந்திருப்பதற்கு அவர் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது: கடி இல்லாவிட்டால் சிறிய அளவில் அது செர்ரிப் பழமாகத் தோன்றிவிடும்.

நம் ஊரில் இந்தத் தவறு பெரும்பாலும் குடும்பத்தோடு கலந்து பேசும்போது நுழைகிறது. அப்பாவுக்கு உதயசூரியன் வேண்டும், பங்குதாரருக்குப் பல்சக்கரம் வேண்டும், எண்கணிதக்காரர் சொன்னபடி பெயரில் கூடுதலாக ஓர் எழுத்து வேண்டும், நிறம் ராசியானதாக இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் எவரையும் வருத்தப்படுத்த விரும்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார். பார்ப்பவரின் நினைவில் இவற்றுள் ஒன்றுகூடத் தங்குவதில்லை.

இதன் இன்னொரு வடிவம், மறைபொருள் மோகம். கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸுக்கு 1994இல் லிண்டன் லீடர் வடிவமைத்த லோகோவின் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு இடையிலான வெற்றிடத்தில் ஓர் அம்பு ஒளிந்திருப்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதைப் படித்துவிட்டு, தங்கள் லோகோவிலும் ஏதாவது ஒளிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்த அம்பைக் கவனிக்காதவர்களுக்கும் ஊதாவும் செம்மஞ்சளும் கலந்த அந்தத் தடித்த எழுத்துகள் போதுமானவையாக இருந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது தவறு, லோகோவை முதல் நாளின் விருப்பு வெறுப்பைக் கொண்டு எடைபோடுவது. காலணி நிறுவனமான நைக்கியின் வளைகோட்டை 1971இல் வரைந்து கொடுத்தவர் கரோலின் டேவிட்சன் என்ற வடிவமைப்பு மாணவி. அதற்கு அவர் பெற்ற தொகை 35 டாலர். நிறுவனர் ஃபில் நைட், தமக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை என்றும் போகப்போகப் பிடித்துவிடக்கூடும் என்றும்தான் சொன்னார். இன்று அந்தக் கோட்டில் நாம் உணரும் வேகமும் வெற்றியும் கோட்டுக்குள் இருந்து வந்தவை அல்ல. காலணிகளும் வீரர்களும் விளம்பரங்களும் பல ஆண்டுகளாக அதற்குள் நிரப்பியவை. ஐபிஎம் சின்னத்தை வடிவமைத்த பால் ரேண்ட் இதையே வலியுறுத்திவந்தார்: நிறுவனத்தின் தரமே சின்னத்துக்குப் பொருள் தருகிறது, சின்னம் நிறுவனத்துக்குத் தரம் தருவதில்லை. ஆகவே, புதிய லோகோவை உறவினர் வாட்சப் குழுவில் போட்டு வாக்கெடுப்பு நடத்துவதால் பெரிய பயன் இல்லை. பிடித்திருக்கிறதா என்ற கேள்வியைவிட, ஒருமுறை பார்த்தவர் மறுநாள் அதை வேறு பத்துச் சின்னங்களிலிருந்து பிரித்தறிகிறாரா என்ற கேள்வி மேலானது.

பெரிய நிறுவனங்களைப் பார்த்துப் பெயரை நீக்குவதும் இதே அவசரத்தின் விளைவு. நைக்கி 1995இல்தான் பெயரைக் கைவிட்டுக் கோட்டை மட்டும் பயன்படுத்தத் தொடங்கியது. அதற்குள் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. மாஸ்டர்கார்டு தன் சிவப்பு, மஞ்சள் வட்டங்களை 1960களிலிருந்து காட்டிவந்தும் 2019இல்தான் பெயர் இல்லாமல் அவற்றை நிற்கவைத்தது. நேற்றுத் திறந்த கடை வெறும் சின்னத்தை மட்டும் பலகையில் மாட்டினால், அது எந்தக் கடை என்று கேட்டுத்தான் உள்ளே வருவார்கள், வராமலும் போவார்கள்.

இனி, பயன்பாட்டு நிலையில் நடக்கும் தவறுகள். இவற்றைச் சில்லறை விஷயங்கள் என்று ஒதுக்குபவர்களே பின்னால் அதிகம் செலவழிக்கிறார்கள். லோகோ கணினித் திரையில் ஓரடி அகலத்தில் பளபளக்கும்போது ஒப்புதல் தரப்படுகிறது. ஆனால் அது வாழப்போவது ரப்பர் ஸ்டாம்பிலும், ரசீது அச்சிடும் தெர்மல் பிரின்டரிலும், சட்டைப் பையின் எம்பிராய்டரியிலும், உலாவியின் தாவலில் 16 பிக்சல் சதுரத்திலும்தான். நிறச்சாயல் படிப்படியாக மாறும் பின்னணி, நிழல், பொன் மினுமினுப்பு, முடி அளவு மெல்லிய கோடுகள் ஆகியவை இந்த இடங்களில் ஒன்றுகூடத் தாங்கா. அதனால் முதல் வரைவுகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் பார்ப்பதும், நிறத்தைக் கடைசியில் சேர்ப்பதும் நல்ல வழக்கம். கறுப்பில் நிற்காத வடிவத்தை எந்த நிறமும் காப்பாற்றுவதில்லை. திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும் என்பதையும், ஒரே நிறம் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கும் இன்னொரு கடைக்கும் இடையே மாறிவிடும் என்பதையும் முன்கூட்டியே எண்ணி, நிறத்துக்குரிய பேன்டோன் எண்ணையும் (அச்சகங்கள் ஒரே நிறத்தைப் பெறப் பயன்படுத்தும் குறியீட்டு எண்) அச்சு அளவுகளையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்பாளரிடமிருந்து ஜேபெக் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாத வெக்டார் கோப்பைக் கேட்காமல் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துப் பெரிய பலகை அடிக்கும்போது ஓரங்கள் பல்பல்லாகத் தெரிவதைக் கண்டு திகைப்பவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் தொழில் செய்பவர்கள் எழுத்து வடிவத்தையும் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமான விதிகள், பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்கின்றன. ஆங்கில எழுத்தின் ஒரு வளைவையே முழுமையாக நம்பி லோகோ செய்துவிட்டால், பலகையில் பெரிதாக வர வேண்டிய தமிழ்ப் பெயர் ஏதோ ஓர் இலவச எழுத்துருவில் ஒட்டுப்போட்டது போல நிற்கும். கொக்கக்கோலா தன் சாய்வெழுத்தின் சுழிப்பை அரபு, சீனம் போன்ற எழுத்துகளுக்கும் கொண்டுசென்றிருப்பதை இதற்கு முன்மாதிரியாகப் பார்க்கலாம். தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கு அந்த வசதி நிறையவே உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு.

காலத்தின் மோஸ்தரைப் பின்பற்றுவதும் ஒரு தவறு. 2010களில் ஆடை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கள் பழைய எழுத்துகளைக் கைவிட்டு, அலங்காரமற்ற தடித்த எழுத்துகளுக்கு மாறின. 2018இல் பர்பெரியும் அவ்வாறு மாறியது. 2023இல் குதிரை வீரன் சின்னத்தையும் பழைய சாயலுள்ள எழுத்துகளையும் மீட்டுக்கொண்டது. எல்லோரும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்ட பிறகு யாரை யார் என்று அடையாளம் காண்பது?

இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படங்களையும், செயற்கை நுண்ணறிவுக் கருவி நொடியில் துப்பும் படங்களையும் அப்படியே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலும் இதுவே. அதே இலை, அதே உலக உருண்டை அடுத்த தெருவிலும் இருக்கும். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டப்படி பெறும் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். ஒத்த சின்னங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்பதைப் பதிவகத்தின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்க முடியும். பலகை, பை, பில் புத்தகம் எல்லாம் அச்சான பிறகு தேடுவதைவிட அதற்கு முன் தேடுவது மலிவு. வடிவமைத்தவரிடமிருந்து உரிமையை எழுத்தில் பெறுவதும் அப்போதே முடிய வேண்டிய வேலை.

இத்தனையும் சரியாகச் செய்த நிறுவனங்கள்கூடச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: தேவையில்லாத மாற்றம். நிறுவனத்தில் இருப்பவர்கள் லோகோவை நாள் முழுதும் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் எப்போதாவது பார்க்கிறார். அவருக்கு அது மனத்தில் பதியத் தொடங்கும் நேரத்தில் இவர்களுக்குச் சலித்துவிடுகிறது. புதிய மேலாளர் வந்தால் சலிப்பு இன்னும் விரைவாக வரும். 2010 அக்டோபரில் அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழகியிருந்த நீலச் சதுரத்தை எடுத்துவிட்டு, கறுப்பெழுத்தின் மூலையில் ஒரு குட்டிச் சதுரத்தை வைத்தது. எதிர்ப்பு எழவே ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பியது. 2009இல் பழச்சாறு நிறுவனமான டிராப்பிகானா தன் பெட்டியிலிருந்து உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழத்தை நீக்கியபோது, இரண்டு மாதங்களுக்குள் விற்பனை சுமார் 20 விழுக்காடு சரிந்தது. பழமும் திரும்பி வந்தது.

மாறவே கூடாது என்பது இதன் பொருளன்று. எண்ணெய் நிறுவனமான ஷெல் 1904 முதல் சிப்பியைத்தான் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் வரிவரியாக வரையப்பட்டிருந்த அது படிப்படியாக எளிமையாகி, 1971இல் ரேமண்ட் லோவி தந்த வடிவத்துக்கு வந்து, பின்னர் பக்கத்தில் பெயர் தேவைப்படாத நிலையையும் எட்டியது. ஆப்பிள் 1998இல் வானவில் பட்டைகளை விட்டது. கடித்த பழத்தின் உருவரையை விடவில்லை. மாற்றத்தில் இறங்கும் நிறுவனம் முதலில் தன் வாடிக்கையாளர் சிலரிடம் தாளும் பேனாவும் கொடுத்து, இப்போதைய லோகோவைப் பார்க்காமல் வரையச் சொல்லலாம். பலரும் தவறாமல் வரையும் பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டு, எவரும் வரையாத பகுதியில் கைவைத்தால் இழப்பு குறைவாக இருக்கும்.