கடன் வாங்கிய பக்கமும் கிணற்று மோட்டாரும்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அப்படித்தான் ஒரு மாலை, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் கடன் எடுத்த மஞ்சள் சாகுபடி நூலை மடிக்கணினியில் திறந்தபடி விட்டுவிட்டு மோட்டார் போடப் போனேன். மடை திருப்பிவிட்டு வந்து பார்த்தால் கடன் முடிந்து நூல் மூடிக் கிடந்தது.

தவறு என்னுடையதுதான். அங்கே பல நூல்கள் 1 மணி நேரக் கடனுக்குத்தான் கிடைக்கும். பிரதிகள் கூடுதலாக இருப்பவை மட்டும் 14 நாளுக்கு. பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தால், வேறு யாரும் கேட்காத வரை அந்த 1 மணி நேரம் நீளும். பஸ் ஜன்னலில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் செல்லாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பிரவுசரை மூடினால் நூல் திரும்பிவிடும் என்று நினைக்கிறார்கள். திரும்பாது. ‘திருப்பிக் கொடு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பொதுக் கணினியில் படித்தால் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து உட்காருகிறவர் உங்கள் கணக்கில் நூல் எடுப்பார்.

என் அக்காள் மகள் ஆய்வேட்டுக்கு எடுத்த குறிப்புகளில் பக்க எண்கள் எல்லாமே பத்துப் பன்னிரண்டு தள்ளி இருந்தன. முகவரிப் பட்டையில் பக்க எண்ணுக்கு முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து நின்றால், அது ஸ்கேன் செய்த தாளின் வரிசை எண். அச்சான பக்க எண் அல்ல. அட்டை, முகவுரை எல்லாம் அதில் சேர்ந்துவிடும். மேற்கோளுக்கு, தாளின் மூலையில் அச்சாகியிருக்கும் எண்ணையே எழுத வேண்டும். முகவரி வீண் என்று சொல்லவில்லை. புரட்டப் புரட்ட அது மாறும். நிற்கும் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து வைத்தால் மறுநாள் நேராக அங்கேயே போகலாம்.

நூலுக்குள் தேடுவதில்தான் பெரிய ஏமாற்றம். ‘சென்னிமலை’ என்று தேடுகிறோம், ஒன்றும் வரவில்லை, நூலில் இல்லை என்று மூடிவிடுகிறோம். ஸ்கேன் செய்த நூல் வெறும் படம். மென்பொருள் அதைப் படித்துத் தருவதில்தான் தேடல் ஓடுகிறது. பழைய அச்சில் ‘லை’ துதிக்கை வைத்த எழுத்தாக இருக்கும், மென்பொருள் அதில் தடுக்கி விழும். ஈரோட்டுப் பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978-இல்தான். ஆகவே அதற்கு முந்தைய நூலில் ‘சென்னி’ வரை மட்டும் தட்டிப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் பொருளடக்கத்தைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நூலகப் பட்டியலிலும் இதே தொல்லை. வெளிநாட்டு நூலகங்கள் தமிழை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் பெயர்க்கின்றன. அங்கே சதகம் ‘எஸ்’ஸில் தொடங்காது, ‘சி’யில் தொடங்கும், கொங்குவின் ‘கு’வுக்கும் ‘ஜி’ கிடையாது, ‘கே’தான். தலைப்பை இரண்டு விதமாகவும் தட்டிப் பார்ப்பது நல்லது.

பிரவுசரின் தானியங்கி மொழிபெயர்ப்பை நிறுத்தி வையுங்கள். எழுத்தாக ஏற்றிய நூலை அது கந்தலாக்கிவிடும்.

பழைய இணைப்பு திறக்கவில்லை என்றால் உங்கள் இணையத்தைத் திட்ட வேண்டாம். பதிப்பாளர்கள் 2020-இல் தொடுத்த வழக்கில் ஆர்க்கைவ் 2023-இல் தோற்றது, 2024-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் கடன் பட்டியலிலிருந்து போய்விட்டன.

திருக்குறளுக்கும் சங்கப் பாடல்களுக்கும் கடன் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வியப்பு. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 முதல் அவற்றை இலவசமாகவே தந்துகொண்டிருக்கிறது; அங்கே கெடுவும் இல்லை, மோட்டார் போட எழுந்து போனாலும் நூல் அப்படியே இருக்கும்.