மூலைமட்டமே கோணலாக இருந்தால்

ஜன்னல் சட்டத்தின் மூலை ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் வாய் பிளக்கும். மூன்று நாளாக ரம்பத்தைத் திருத்தினேன், கிளாம்பை இறுக்கினேன், பலனில்லை. கோளாறு மூலைமட்டத்தில், அதாவது 90 பாகை மூலை சரிபார்க்கும் கருவியில்.

பிளைவுட்டின் நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு; அதே புள்ளியில் மட்டத்தைப் புரட்டி இன்னொரு கோடு. 30 செ.மீ. உயரத்தில் 2 மி.மீ. விலகல். மட்டம் சரியென்றால் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும். புரட்டும்போது பிழை இரட்டிப்பாகத் தெரிவதால், நிஜப் பிழை அதில் பாதிதான்.

புதிதாகச் செய்துகொண்டேன். 20 செ.மீ. தேக்குக் கட்டை (கடலூர் கடல்காற்றில் ஈரமரம் முறுக்கிக்கொள்ளும், நன்றாகக் காய்ந்தது வேண்டும்), அதில் கீறிய பள்ளத்தில் 3 மி.மீ. அலுமினியப் பட்டி, ஒட்ட எபாக்ஸி பசை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், சரிசெய்ய நேரம் தராது. 30-40-50 செ.மீ. பக்கமுள்ள முக்கோணத்தில் செங்கோணம் வரும்; அந்தக் கணக்கில் வரைந்த கோட்டோடு பொருத்திக் கிளாம்ப் போட்டேன். காய்ந்ததும் மறுபடி புரட்டிப் பார்த்து, மிச்சப் பிழையை அரத்தால் ராவினேன்.

உள்மூலையில் கட்டையைச் சிறிது சீவிவிடுங்கள். அங்கே மரத்தூள் அடைந்தால் மட்டம் சரியாகப் பதியாது.