மேசை வேலையிலிருந்து படகு எஞ்சின் பட்டறைக்கு

அலுவலக வேலை மனத்துக்கு ஒத்துவராத ஒருவர் திருகோணமலையில் கைத்தொழில் ஒன்றைத் தேடினால், படகின் பின்புறம் வெளியே பூட்டும் வெளியிணைப்பு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் தொழிலையே நான் முதலில் சொல்வேன். மூதூர், கிண்ணியா முதல் நிலாவெளி, குச்சவெளி வரை கரையெங்கும் பைபர் படகுகள் நிற்கின்றன. உப்புநீரில் ஓடும் எஞ்சினுக்குப் பழுது வந்துகொண்டே இருக்கும். கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து, தன் உழைப்பு எங்கே போய் முடிந்தது என்று தெரியாமலே ஆண்டுகளைக் கழித்தவருக்கு, காலையில் இயங்காத எஞ்சின் மாலையில் தன் கையால் இயங்குவது பெரிய நிறைவு.

உடனே வேலையை விட வேண்டாம். நல்ல மெக்கானிக் ஒருவரிடம் சனி, ஞாயிறுகளில் உதவியாளராக நின்று பாருங்கள். ஆரம்பத்தில் கழுவுவதும் துடைப்பதும் திருகுசாவி எடுத்துக் கொடுப்பதும்தான் கிடைக்கும். துருவேறிய போல்ட் ஒன்றை உடைக்காமல் கழற்ற அரைநாள் போனாலும் எரிச்சல் கொள்ளாதவருக்கே இத்தொழில் பொருந்தும். அது முடியாதென்றால் அலுவலகத்தில் இருப்பதே மேல்.

நிறைவு எங்கே கிடைக்கிறது என்பதை ஒரு பழுதை வைத்து விளக்கலாம். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து பீச்ச வேண்டிய குளிரூட்டும் நீர் மெலிந்து வருகிறது என்று கொள்வோம். துளையில் உப்போ மணலோ அடைத்திருக்கலாம். கீழே நீர் உறிஞ்சும் வாயில் பாசியோ பிளாஸ்டிக்கோ சிக்கியிருக்கலாம். பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இறப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பார்ப்பதில் தொடங்கி, எளிதானதிலிருந்து கடினமானதற்குச் செல்ல வேண்டும். கடைசியில் கீழ்ப்பகுதியைக் கழற்றும்போது இம்பெல்லரின் இதழ் ஒன்று உடைந்திருந்தால், புதியதைப் பூட்டுவதற்கு முன் அந்த உடைந்த துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். இல்லையெனில் அது நீர்ப்பாதையை அடைத்து எஞ்சினை மறுபடி சூடாக்கும். நீரில்லாமல் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினாலும் புது இம்பெல்லர் கெட்டுவிடும். இந்தப் பொறுமையான தேடலில் மனம் ஒன்றிவிடுவதைத்தான் நான் நிறைவு என்கிறேன்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும்" என்று வீட்டார் தடுக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்லத் தக்க பதில் சான்றிதழ்தான். தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும் பயிற்சி வழங்குகின்றன. தேசிய தொழிற்றகைமையில் 7 மட்டங்கள் உண்டு: 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பட்டறையிலேயே தொழில் பழகியவரும், முன்கற்றலை மதிப்பிடும் முறையில் தேர்வு கொடுத்துத் தகைமை பெறலாம்.

வருமானம் மாதம் தவறாமல் வராது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் பல படகுகள் கரையேறிவிடும். அந்த மாதங்களுக்கான சேமிப்பு கையில் இருக்கும்போதே பதவி விலகுங்கள்; முழுமையாகக் கழற்றிப் பராமரிக்கும் வேலைகளை அப்போது தரும்படி படகு உரிமையாளர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். மீன் பட்ட பின் தருவதாகச் சொல்லும் கடன்களும் சேரும். அலுவலகத்தில் பழகிய ஒழுங்கு இங்கே பயன்படும்: ஒவ்வொரு எஞ்சினின் இலக்கம், மாற்றிய பாகம், திகதி, வர வேண்டிய தொகை ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, உரிமையாளரிடம் அன்றே கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.