பழைய மடிக்கணினியை வேகப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர், அதில் எந்தப் பகுதி மெதுவாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே செலவு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவர் ரேம் (தற்காலிக நினைவகம்) வாங்குகிறார். இன்னொருவர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறார். வேறொருவர் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த துப்புரவு மென்பொருளை ஏற்றிக்கொள்கிறார். இவற்றில் ஏதேனும் ஒன்று பலித்துவிட்டால் அது பெரும்பாலும் தற்செயல்தான்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் ஓய்ந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினிகளில் அங்கே அடிக்கடி தென்படும் காட்சி ஒன்று உண்டு: டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும், ஆனால் அதற்குக் கீழே வாசிப்பு வேகம் நொடிக்கு இரண்டு மூன்று எம்பியைத் தாண்டாது. அதே டிஸ்க் ஒரு பெரிய திரைப்படக் கோப்பை நகலெடுக்கும்போது நொடிக்கு 100 எம்பி வரை கொடுத்திருக்கும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின் மேல், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னஞ்சிறு கோப்புகளைத் தேடி வாசிப்பு முனை அலைய வேண்டியிருப்பதும், ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி நொடிக்கு மேல் பிடிப்பதுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். விண்டோஸ் 10 பின்னணியில் அப்டேட், வைரஸ் சோதனை, கோப்புகளை அட்டவணைப்படுத்துதல் என்று பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துவதால், இந்த அலைச்சல் ஓய்வதே இல்லை.

இந்தக் காட்சி தெரியும் கணினிக்கு ரேம் வாங்கிப் போடுவதுதான் மிகப் பரவலான தவறு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய, சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பகுதி எதுவும் இல்லாததால் ஒரு தேடல் ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவதையே நான் முதலில் சொல்வேன். பழைய மதர்போர்டில் டிஸ்க்குக்கு இருப்பது பழைய வகையான சாட்டா 2 இணைப்பு, அதில் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று சிலர் தயங்குவார்கள். முழு வேகம் வராது என்பது உண்மையே. ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் நாம் உணரும் மாற்றம் தேடும் நேரம் குறைவதால் வருவதே தவிர, பெரிய கோப்பை நகலெடுக்கும் வேகத்தால் வருவதன்று.

எஸ்எஸ்டி வாங்கிய பிறகும் தவறுக்கு இடமிருக்கிறது. டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘கேடி’ எனப்படும் சட்டத்தின் மூலம் எஸ்எஸ்டியைப் பொருத்திக்கொள்பவர்கள் உண்டு. பொருத்திய பின், விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிட்டு, புதியதில் புகைப்படங்களையும் பாடல்களையும் சேமித்து வைப்பார்கள். கணினி முன்பு போலவே ஊர்ந்து செல்லும். எஸ்எஸ்டியை முதன்மை இடத்தில் வைத்து அதில் விண்டோஸை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத்தான் கேடிக்கு அனுப்ப வேண்டும். கேடி வாங்கும்போது அது 9.5 மில்லிமீட்டர் தடிமனா, 12.7 மில்லிமீட்டரா என்று டிவிடி டிரைவை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 இணைப்பு உள்ள கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: சாட்டா வகையை மட்டும் ஏற்கும் இணைப்பில் அதைவிட வேகமான என்விஎம்இ வகையைப் பொருத்தினால், கணினி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

இன்னும் முக்கியமான ஒன்று, பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்காமல் குளோனிங்கைத் தொடங்குவது, அதாவது அதில் உள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுப்பது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ‘காஷன்’ என்று மஞ்சள் நிறத்தில் காட்டினால், அந்த டிஸ்க்கில் பழுதான பகுதிகள் தோன்றத் தொடங்கிவிட்டன என்று பொருள். கணினி மெதுவானதற்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம். அத்தகைய டிஸ்க்கை முழுதாகக் குளோன் செய்ய முயன்றால், பழுதான இடத்தையே மணிக்கணக்கில் படிக்க முயன்று அது வழியிலேயே நின்றுவிடக்கூடும். குடும்பப் புகைப்படங்கள், சான்றிதழ்கள், கணக்குக் கோப்புகள் ஆகியவற்றை முதலில் வெளியே எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பானது.

ரேம் தேவையே இல்லை என்று இதற்குப் பொருளன்று. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலக் கணினிகளில் இருந்தது 2 ஜிபி ரேம். இன்றைய பிரவுசர் ஒன்றைத் திறந்தாலே அது நிரம்பிவிடும். நாம் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்த நிலையில், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கம் 85, 90 சதவீதத்திலேயே நின்றால் ரேம் வாங்கலாம். எத்தனை ஸ்லாட்டுகள் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் அதே பக்கத்தில் தெரியும். ஆனால் வகையைக் கவனிக்காமல் வாங்கக் கூடாது. டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் ரேமுக்கு 1.35 வோல்ட், இரண்டும் ஒரே ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும். நான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர் உள்ள மடிக்கணினிகள் எல் வகையைத்தான் ஏற்கும் என்பதால், பொருந்திவிட்டதே என்று பவர் பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கும். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது எளிய வழி.

மென்பொருள் வைத்தியங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் மென்பொருள்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அவை நீக்கும் சில நூறு வரிகளால் வேகம் கூடுவதில்லை, தவறான ஒரு வரி நீங்கினாலோ ஏதேனும் ஒரு மென்பொருள் திறக்காமல் போகும். ‘ரேம் பூஸ்டர்’ வகை இன்னும் வேடிக்கையானது. பயன்பாட்டில் உள்ள தரவை ரேமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, இவ்வளவு ஜிபி விடுவிக்கப்பட்டது என்று பச்சை நிறத்தில் காட்டும். அடுத்த சொடுக்கில் அதே தரவை விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து மீண்டும் படிக்க வேண்டும். காணொளிகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் உத்தியும், அதாவது எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பிராசஸர் எண்ணிக்கையைக் கூட்டி வைப்பதும், இந்த இனமே. அதில் பிராசஸர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதற்கானது. அதைத் தொடாத கணினி ஏற்கெனவே எல்லாக் கோர்களையும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் போதாதென்று இரண்டு ஆன்டிவைரஸ்களைச் சேர்த்து நிறுவினால், திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டு காவலர்கள் சோதிப்பார்கள். இவற்றையெல்லாம் விட, டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தேவையற்றவற்றை முடக்குவதும், சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருப்பதும் பயனுள்ளவை. எஸ்எஸ்டிக்குத் தனியாக, சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் டீஃபிராக் மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம். அதற்குரிய ‘டிரிம்’ வேலையை விண்டோஸ் தானே செய்துகொள்கிறது.

இரவுதோறும் ஷட்டவுன் செய்வதால் கணினி தினமும் புதிதாகத் தொடங்குகிறது என்று நினைப்பதும் சரியன்று. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருப்பதால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. முழுமையான புதுத் தொடக்கம் வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

டிஸ்க்கும் ரேமும் சரியாக இருந்தும், பத்து நிமிடப் பயன்பாட்டுக்குப் பின் கணினி தளர்கிறது என்றால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிபியு பக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று குறிப்பிடப்பட்ட பிராசஸர், வேலை நடக்கும்போதே 0.8-இல் நிற்கிறதா என்று பாருங்கள். சூடு வரம்பை எட்டியதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே பஞ்சுப் படலமாக அடைத்துக்கொண்ட தூசியும், பிராசஸரின் சூட்டைக் கடத்தும், ஆனால் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் இதற்கு வழக்கமான காரணங்கள். வெளியிலிருந்து புளோயரால் ஊதித் தள்ளினால் தூசி உள்ளேயே இடம் மாறும். ஃபேனும் தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடக்கூடும். அடிமூடியைத் திறந்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். வெப்பமே இல்லாமல் வேகம் குறைந்திருந்தால் சார்ஜரைக் கவனியுங்கள்: தன்னுடைய அடாப்டரை அடையாளம் காண முடியாதபோது வேகத்தைக் கட்டிப்போடும் மாடல்கள் பல உள்ளன. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அதை முதலில் அகற்ற வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பலர் இப்போது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டிச் சென்று விண்டோஸ் 11-ஐ நிறுவுகிறார்கள். வேகம் வேண்டும் என்பதற்காக இதைச் செய்வதில் பொருளில்லை. புதிய பதிப்பு பழையதைவிடக் கூடுதலாகவே கேட்கும். யாரோ சுருக்கித் தரும் ‘லைட்’ விண்டோஸ் கோப்புகளில் எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று நாம் அறிய வழியில்லை என்பதால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அவற்றை ஏற்றக் கூடாது. பிரவுசரும் தட்டச்சும் மட்டுமே வேலை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளில் கணக்கு எழுதுபவர்கள் அதற்கு மாறுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால், வைஃபையும் பிரிண்டரும் இயங்குகின்றனவா என்று அதில் சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம்.