வாட்டர்கலர் தாள் நெளியாமல் இருக்க

பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன படம் வரைவதை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றாலே சையத் பாஷா மலை தெரியும், அதைத்தான் வரைகிறேன். வானத்துக்கு நீலம் பூசியதும் தாள் நெளிந்து, சாயம் பள்ளத்தில் தேங்கித் திட்டுத்திட்டாகக் காய்ந்தது. ஈரம் பட்ட இடம் மட்டும் விரிவதுதான் காரணம்.

கதவு வேலையில் மிஞ்சிய பிளைவுட்டை அளவாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, பலகைமேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, சுற்றிலும் நெருக்கமாக ஸ்டேப்ளர் பின் அடித்தேன். படுக்கைவசமாக நிழலில் காயவிட வேண்டும். காய்ந்ததும் தாள் சுருங்கி, பறைத்தோல் மாதிரி விண்ணென்று இருக்கும். பிறகு தாராளமாகத் தண்ணீர் விடலாம். லேசாக எழும்பினாலும் காயும்போது தானே இறுகிவிடும். படம் முழுசாகக் காயும்வரை பின்னைக் கழற்றாதீர்கள்.