பிள்ளையின் முதல் கார்: பழைய காரை எப்படிப் பார்த்து வாங்குவது?

வீட்டில் புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளை இருந்தால், "கத்துக்கிற வரைக்கும் ஏதாவது ஒரு பழைய வண்டி போதும், இடிச்சாலும் பரவாயில்லை" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கதவு நசுங்கினால் பரவாயில்லைதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பது நம் பிள்ளை. அனுபவம் குறைந்தவர் கையில், வீட்டிலேயே பாதுகாப்பு குறைந்த காரைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என் அக்கா மகளுக்காகக் கார் தேடி அலைந்தபோது கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் பின்பற்றலாம்.

படி 1: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் கார் வாங்கிவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள். டயர், பிரேக் பேட், பேட்டரி, பெல்ட் என்று வாங்கிய முதல் மாதத்திலேயே செலவு வரும். இளம் ஓட்டுநர் என்றால் பல நாடுகளில் இன்சூரன்ஸ் பிரீமியமும் கூடும். அதனால் ஒரு மாடலை மனதில் முடிவு செய்ததும், பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த மாடலுக்கு எவ்வளவு பிரீமியம் என்று கேட்டுவிடுங்கள்.

படி 2: முதலில் ஈஎஸ்சி, மற்றதெல்லாம் பிறகு

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும். ஈஎஸ்சி என்பது கார் தறிகெட்டுச் சுழலாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோம், கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று சென்சார்கள் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேர்வழிக்கு இழுக்கும்.

புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் தவறே இதுதான். திடீரென்று நாய் குறுக்கே வந்தால் ஸ்டீயரிங்கை ஒரேயடியாக வெட்டுவார்கள், பயந்துபோய் உடனே மறுபக்கம் திருப்புவார்கள். 1997-ல் சுவீடனில் ஒரு பத்திரிகை நடத்திய சோதனையில், இப்படி வெட்டித் திருப்பியபோது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் இந்த அமைப்பைப் பொருத்தித் தந்தது. வேறு வண்டி எதுவும் மோதாமல் கார் தானாகத் தடம் மாறி நேரும் உயிரிழப்பு விபத்துகளில், ஈஎஸ்சி அபாயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன.

அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் கட்டாயம். மற்ற இடங்களில் தேதி மாறும். அதனால் வருடத்தை மட்டும் நம்பாமல் அந்தக் காரிலேயே பாருங்கள். பெயர்தான் கொஞ்சம் குழப்பும். ஒருவர் ஈஎஸ்பி என்பார், டொயோட்டாவில் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ, மாஸ்டாவில் டிஎஸ்சி. எல்லாம் ஒன்றுதான். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில், பின்னால் வளைந்த கோடுகள் விழும் ஒரு குட்டிக் கார் படம் ஒளிர்கிறதா என்று பாருங்கள். அதோடு அந்த மாடலின் கையேட்டிலும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் சக்கரம் வழுக்குவதை மட்டும் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கும் சில கார்களில் இதே மாதிரி படம் வரும். ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) இருக்கிறது என்று விற்பவர் சொன்னாலும் அது வேறு, இது வேறு.

படி 3: ஏர்பேக்கும் நட்சத்திரமும்

முன்பக்கம் இரண்டு ஏர்பேக் போதாது. ஜன்னல் மேலிருந்து திரை போல இறங்கும் பக்கவாட்டு ஏர்பேக்கும் இருந்தால் நல்லது. பக்கத்திலிருந்து மோதும்போது தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வேறு எதுவும் இல்லை. ஒரே மாடலில் விலை குறைந்த வேரியன்டில் இது இல்லாமல் இருக்கும், அதனால் வேரியன்ட் பெயரையும் கேளுங்கள்.

கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப் மாதிரி அமைப்புகள் தரும் நட்சத்திர மதிப்பீட்டை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மூன்று விஷயங்களில் ஏமாந்துவிடாதீர்கள். சோதனைகள் காலப்போக்கில் கடினமாகிக்கொண்டே வருகின்றன, அதனால் 2008-ல் வாங்கிய ஐந்து நட்சத்திரமும் 2020-ல் வாங்கிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. சிறிய காரின் நட்சத்திரத்தைப் பெரிய காரின் நட்சத்திரத்தோடு ஒப்பிடவும் கூடாது. அப்புறம், ஒரே பெயரில் விற்கும் கார் ஒரு நாட்டில் ஆறு ஏர்பேக்கோடும் இன்னொரு நாட்டில் இரண்டோடும் வரலாம்.

படி 4: அளவும் வேகமும்

மிகச் சிறிய கார் வேண்டாம். கனமான வண்டியோடு மோதினால் லேசான வண்டிக்குள் இருப்பவர்தான் அதிகம் அடிபடுவார். அதற்காக ஏழு பேர் உட்காரும் உயரமான எஸ்யூவியும் வேண்டாம். நிறுத்த நேரமாகும், கவிழும் வாய்ப்பும் கூடுதல், எல்லாவற்றுக்கும் மேல் நண்பர்கள் கூட்டம் ஏறிவிடும். வண்டியில் இளம் நண்பர்கள் சேரச் சேர, பதின்ம வயது ஓட்டுநருக்கு விபத்து ஆபத்து கூடுகிறது. நடுத்தர அளவு செடான் அல்லது ஹேட்ச்பேக் போதும். டர்போ, ஸ்போர்ட்ஸ் என்று பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தால் கடந்து போய்விடுங்கள். பிள்ளை முகம் வாடத்தான் செய்யும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: காரை நேரில் பாருங்கள்

பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அடர்த்தியான வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிபொருள் எரியும் இடத்துக்குள் போகிறது.

கதவு, பானட், டிக்கி இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, அடியில் புதிய வெல்டிங் தெரிகிறதா என்று பாருங்கள். இடுக்கு மாறியிருந்தாலோ வெல்டிங் தெரிந்தாலோ, விபத்தில் அடிபட்ட காராக இருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய கார். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது ஏர்பேக் விளக்கு. சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையவில்லை என்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு காரில் அந்த விளக்கு எரியவே இல்லை. "பல்பு போயிருக்கும்" என்றார் விற்றவர். எங்கள் மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, பிறகு மூடியைக் கழற்றினார். ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எப்போதோ விபத்தில் விரிந்ததை மாற்றாமல், விளக்கை மட்டும் துண்டித்து மூடியிருக்கிறார்கள். அன்று அக்கா பேசவே இல்லை. ஆகவே மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். அவரும் விற்பவருக்கு வேண்டியவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயர் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) ஆழத்துக்குப் பல நாடுகளில் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். ஆனால் மழையில் அதற்கு முன்பே பிடிமானம் போய்விடும், 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள்.

படி 6: பிள்ளையை உட்கார வைத்துப் பாருங்கள்

பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஓட்டப்போவது யாரோ, அவரே உட்கார வேண்டும். பெடலை முழுதாக மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுவுக்கும் நெஞ்சுக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும். பின்னால் திரும்பிப் பார்த்தால் தூண்கள் மறைக்காமல் சாலை தெரிகிறதா? பிறகு அனுபவமுள்ள ஒருவர் ஓட்டிப் பார்க்கட்டும். காலியான சாலையில் பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

படி 7: எண்ணைச் சரிபாருங்கள்

ஒவ்வொரு காருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் உண்டு, பெரும்பாலும் 17 இடங்கள் கொண்டது. பதிவுச் சான்றிலும் காரிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய கோளாறு பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெடித்து உலோகத் துண்டுகள் சிதறியதால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் சரிசெய்யப்படாத கார்கள் பழைய கார் சந்தைக்கும் வருகின்றன. சரிசெய்வது பெரும்பாலும் இலவசம்தான்.

படி 8: வாங்கிய முதல் வாரம்

ஆயில், பில்டர், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னி மாற்றுவதைப் பிள்ளையே ஒருமுறை செய்யட்டும்.

அப்புறம் வண்டியே வராத ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். என் அக்கா மகள் முதல் தடவை ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டாள். நிஜமான ஆபத்தில் அப்படி எடுத்தால் கார் நிற்காது. நான்கைந்து முறை செய்த பிறகுதான், உதறினாலும் கார் நிற்கும் வரை காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க அவளுக்குப் பழகியது.